அறுபதாம் பிறந்தநாளும் இடது கதிரையும்

என் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எங்கள் நிறுவனத்து விமானிகளின் பெயர்கள், வேலையில் சேர்ந்த வரிசைப்படி. உச்சியில் இருக்கும் பெயரின்மேல் மட்டும் தாள் தேய்ந்து, வெளிச்சத்துக்குப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெலிந்து போயிருக்கிறது. நான் பார்த்த வேலைதான். பென்சிலால் ஒரு கோடு போட்டேன், அழித்தேன், மறுபடியும் போட்டேன். அந்தப் பெயருக்குரியவரை நான் கப்டன் என்றுதான் கூப்பிட்டேன். இங்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

விமானிகளுக்குத் திறமை, குணம் எல்லாம் அப்புறம்தான். வரிசை இலக்கம்தான் தலையெழுத்து. மேலே ஒருவர் ஓய்வு பெற்றால் கீழே இருக்கிற அத்தனை பேரும் ஒரு படி ஏறுவோம். விமானிகளின் அறையில் ஆசனம் இரண்டு: இடது கதிரை கப்டனுக்கு, வலது கதிரை துணை விமானிக்கு. எங்கள் ஒப்பந்தப்படி அறுபது வயது முடிகிற நாளில் கப்டன் எழுந்து போய்விட வேண்டும். அப்போது துணை விமானிகளில் முதல் ஆள் நான். சோதனைகளையெல்லாம் முடித்துவிட்டு, ஓர் இடது கதிரை காலியாகட்டும் என்று இருந்தேன். அடுத்துக் காலியாக வேண்டியது அவருடையது. அவர் பிறந்தநாள் அவர் மனைவிக்குக்கூட அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்காது. கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டை வீட்டில் அம்மா என் சட்டைத் தோளில் இருந்த மூன்று கோடுகளை இஸ்திரி போடும்போதெல்லாம், "நாலாவது எப்பப்பா வரும்?" என்று கேட்பார்; நாலு கோடு கப்டனுக்கு. மூன்று மாதம் முன்னதாகவே ஆசையை அடக்க முடியாமல் அவர் பெயரின்மேல் கோடு போட்டேன்.

அவரோடு பறப்பது எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கடுகண்ணாவைக்காரர். கணவாய் ஏறும் ரயிலின் சத்தத்திலேயே வளர்ந்ததாலோ என்னவோ, இயந்திரம் லேசாக இருமினாலும் தலையைச் சாய்த்துக் கேட்பார். எங்கள் விமானிகள் சங்கத்தின் தலைவரும் அவர்தான். அவர்மீது எனக்கு மரியாதை இருந்தது, அவர் கதிரைமீது ஆசை இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

சண்டையை நிறுவனம் கொண்டுவந்தது. ஆட்கள் வெளிநாட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆகவே ஓய்வு வயதை அறுபத்தைந்தாக்குவோம், சங்கம் சம்மதித்தால் போதும் என்றார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கோட்டை அழித்தேன். ஐந்து வருடம்! எனக்குக் காது சூடேறியது. விமானிகளின் ஓய்வறை இரண்டாகப் பிரிந்தது. தேத்தண்ணிக் கோப்பைகூடத் தனித்தனி மேசையில்தான். கப்டன் ஒளிக்காமல் பேசினார். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா டொக்டர் பாத்து, நீ பறக்கலாம்னு எழுதிக் குடுக்குறாரு. காலண்டர்தான் வேணாங்குது" என்றார். அவருக்குப் பறப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுத மனைவி உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாராம்.

வாக்கெடுப்புக்குப் பொதுக்கூட்டம் என்றதும் எங்கள் இளையவர் அணி ஒரு சூழ்ச்சி செய்தது. மூத்தவர்களில் பெரும்பாலோர் விமான நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள். கூட்டத்தைக் கண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அந்த மலைப்பாதை வளைவுகளில் ஏறி யார் வரப்போகிறார்கள்? யோசனை என்னுடையது. வாவிக்கு அருகில் மண்டபம் பிடித்ததும் நான்தான். கதிரைகளை வரிசையாகப் போடச் சொல்லி, மைக்கைத் தட்டிப் பார்த்து, வெற்றி பெற்றவன் மாதிரி வாசலில் நின்றேன்.

முதல் வாகனத்திலிருந்து ஒரு நரைத்த தலை இறங்கியது. அடுத்ததிலிருந்து ஒரு சாயம் பூசிய தலை. பிறகு வாகனங்கள் வந்துகொண்டேயிருந்தன. மனைவிமாரையும் கூட்டிக்கொண்டு, காலையில் பேராதனைப் பூங்காவைச் சுற்றிவிட்டு உல்லாசமாக வந்திருந்தார்கள். எங்கள் அணியில் வந்தது என்னையும் சேர்த்து ஏழு பேர்தான். மற்றவர்கள் எங்கே என்று யோசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு மாதமும் விடுமுறை நாளை முதலில் தெரிவு செய்வது யார்? வரிசையில் மூத்தவர். கூட்ட அறிவித்தல் வந்த உடனே அந்த ஞாயிறை அவர்கள் அள்ளிக்கொண்டுவிட்டார்கள். மிஞ்சிய பறப்புகளும், கூப்பிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டிய 'ஸ்டேன்ட்பை' கடமையும் எங்கள் பையன்களின் தலையில். கண்டிக்கு அவர்கள் எப்படி வருவார்கள்? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். கப்டன் என் தோளைத் தட்டி, "ஹோல் நல்லாத்தான் புடிச்சிருக்கீங்க தம்பி" என்றார்.

எங்கள் சங்கத்தில் வாக்கைக் கீழிருந்து கேட்பார்கள். மூத்தவரின் முகத்தைப் பார்த்து இளையவர் வாக்களிக்கக் கூடாது என்பதற்காகக் கடைசி இலக்கத்தில் தொடங்கி மேலே வருவது வழக்கம். கப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. "ஸ்டேன்ட்பை" என்று யாரோ சொன்னார்கள். இரண்டாவது பெயர், ஸ்டேன்ட்பை. மூன்றாவது, பறப்பில். எங்கோ ஒருவன் "இல்லை" என்றான்; எங்கள் ஏழில் ஒன்று. மறுபடி அமைதி. நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிப் பார்த்தாலும் தோல்விதான். பதினைந்து பெயர் போயிருக்கும். அவர் அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது சரிவராது" என்றார். "கடிதாசியில வாக்கு எடுப்போம். எல்லாருக்கும் போகட்டும். சட்டப்படி அதுக்கு ஆறு கிழமை ஆகும்."

மண்டபம் ஒரே இரைச்சலாயிற்று. அவருடைய அறுபது நான்காம் வாரத்திலேயே முடிகிறது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் விலகினாலும் வரிசை இலக்கம் போய்விடும். திரும்பி வந்தால் கடைசி ஆள், வலது கதிரை. முன்வரிசையிலிருந்து ஒரு மூத்தவர் எழுந்து, "கப்டன், உங்களுக்குத்தானே நட்டம்?" என்று கேட்டார். "அது எனக்குத் தெரியாதா? ஒக்காருங்க" என்றார் இவர்.

வாவிக்கரையில் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நன்றி சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்காகச் செஞ்சேன்னு நெனைக்காத. நான் ஜெயிக்கத்தான் வந்தேன். பேரைக் கூப்பிடக் கூப்பிட ஒருத்தனும் ஏன்னு கேக்கல. எதிர்க்க ஆளில்லாத ஹோல்ல என்ன ஜெயிக்கிறது?" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார். அன்று மாலையே வீட்டுக்குப் போய் மறுபடியும் கோடு போட்டேன்.

அவருடைய கடைசிப் பறப்பில் வலது கதிரையில் நான் இருந்தேன். தரையிறங்கியதும் தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் நின்று விமானத்தின்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்தன. ஓய்வு பெறுகிறவருக்கு அது மரியாதை. அவர் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டு நாள் கழித்துக் கண்டிக் கோவிலில் அறுபதாம் கல்யாணம். கும்பத் தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். நனைந்த வேட்டியோடு என்னைப் பார்த்து, "ஒரே கிழமையில ரெண்டு குளிப்பு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவி சிரிக்கவில்லை.

மறுகிழமை நான் இடது கதிரையில் உட்கார்ந்தேன். அந்த முதல் பறப்பின் மகிழ்ச்சியை என்னவென்று சொல்ல! ஓடுபாதை முழுவதும் எனக்காக விரிந்து கிடந்தது. அம்மா நான்காவது கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வாக்குக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஓய்வு வயதை அறுபத்தைந்தாக்கச் சம்மதமா? அலுமாரிக்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்தேன். மாதக்கணக்காக எதிர்த்துக் கத்தியவன் நான். பேனாவை எடுத்து "ஆம்" என்பதில் புள்ளடி போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இடது கதிரையிலிருந்து பார்த்தால் அறுபது மிகவும் கிட்டத்தில் தெரிந்தது.

தீர்மானம் நிறைவேறியது. எங்கள் எல்லாருக்கும் ஐந்து வருடம் கூடியது, அவர் ஒருவரைத் தவிர. வெட்கத்தோடு கடுகண்ணாவைக்குப் போய், நான் எப்படி வாக்களித்தேன் என்ற உண்மையைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தக் காலத்துல வயசக் கூட்டப் பாத்தப்ப நானும் கதிரை கெடைக்கிற வரைக்கும்தான் எதிர்த்தேன் தம்பி. தேத்தண்ணியக் குடி" என்றார். அந்தச் சிரிப்பால் வெட்கம் குறையவில்லை. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் அங்கே இறங்காமல் வருவதில்லை. பேச்சின் நடுவே ரயில் ஏறும் சத்தம் கேட்டால் தலையைச் சாய்த்துக்கொள்கிறார்.

தாளை நான் கழற்றவில்லை. தேய்ந்த அந்த இடத்தைத் தொட்டால் விரலுக்குத் தெரிகிறது. இப்போது என் வலது கதிரையில் அடிக்கடி உட்கார்வது ஒரு பெண், துணை விமானிகளில் முதல் ஆள், கெட்டிக்காரி. போன கிழமை தேத்தண்ணியை என் பக்கம் நீட்டிக்கொண்டே, "கப்டன், ஒங்க பிறந்தநாள் எப்ப?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அவள் வீட்டிலும் ஒரு அலுமாரி இருக்கும். நாளையும் மாதத்தையும் சொன்னேன். அதற்குமேல் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது போலும், வெளியே பார்த்தாள். நானாகவே வருடத்தையும் சொன்னேன்.