கம்ப்யூட்டர் பெட்டியின் சிவப்புச் சுவிட்சு

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். பாளையம்பட்டியில் தகரக் கொட்டகையில் ஆரம்பித்து, எண்ணெய்ச் செக்கு, மாவு மில், மாடி வீடு எல்லாம் தனி ஆளாக உண்டாக்கினேன். தொண்ணூறுகளில் என் மகள் சாமான்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டர் பூட்டப் போவதாகச் சொன்னதும் மதுரைக்குக் கூடவே போனேன். மற்ற சாமான்களை அவள் பார்த்துப் பார்த்து எடுத்தாள். கரண்டு கொடுக்கும் பெட்டியை மட்டும், மோட்டார் வாங்குவது போலத் தூக்கிப் பார்த்து, கனமானதாக நான் எடுத்தேன்.

அதன் பின்னால் ஒரு சிவப்புச் சுவிட்சு 230-இல் இருந்தது, தள்ளினால் 115. பம்புசெட்டுகள் ஓடும்போது எங்கள் பக்கம் வோல்டேஜ் 130-ஐத் தாண்டாது. அதனால் யாரிடமும் கேட்காமல் 115-க்குத் தள்ளிவிட்டு மில்லுக்குப் போய்விட்டேன்.

மதியம், மங்கிக் கிடந்த மில் பல்பு திடீரென்று பளீரென எரிந்தது. பம்புசெட்டுகள் நின்று கரண்டு முழுசாக வந்துவிட்டது. 115-இல் வைத்த அந்தப் பெட்டிக்குள் இது பாய்ந்தால் மொத்தமும் கருகிவிடுமே! வீட்டுக்கு ஓடினேன். மகளின் விரல் பிளக் சுவிட்சின் மேல் இருந்தது.

“ஏத்தா, கையை எடு!”

“என்னப்பா, பாம்பா?”

“அதைவிட மோசம். நான் கை வச்சிட்டேன்த்தா.”

சிவப்புச் சுவிட்சை மறுபடி 230-க்குத் தள்ளிய பிறகுதான் அவளைப் போடவிட்டேன். இப்போதெல்லாம் தெரியாத சுவிட்சைக் கேட்காமல் தொடுவதில்லை. எந்தச் சாமானுக்கும் முதலில் ஸ்டெபிலைசர் வாங்குகிறேன். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரைத் தானே தனியாகப் பூட்டியதாக மகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெட்டியை எடுத்தவனும் நான், எரியாமல் காத்தவனும் நான். இனி என் பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.