ஐந்து டப்பா தண்ணீர்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் கணக்கைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்? ஆனால் வானம் இருட்டினால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஒரகடத்தில் கார் விளக்கு செய்யும் கம்பெனியில் வேலை. என் அறையில் தங்கியிருந்த திருநெல்வேலிக்காரன் அங்கே ஸ்டோரில் கான்ட்ராக்ட் ஆள். கேண்டீனில் அட்டைத் துண்டில் நாலுக்கு நாலு கட்டம் போட்டு ஒன்று முதல் பதினாறு வரை நிரப்புவான். எந்த வரிசையைக் கூட்டினாலும் முப்பத்துநாலு.

"எண்ணு ஒவ்வொண்ணும் ஒரு செவரு உசரம்னு வச்சுக்கோல. மேல மழை பெஞ்சா நடுவுல ஆறும் ஏழும் பள்ளம். சுத்தி இருக்கதுல தாழ்ந்தது ஓரத்து ஒம்பது. அதத் தாண்டுனா வழிஞ்சிரும். அப்பம் ஆறுக்கு மேல மூணு, ஏழுக்கு மேல ரெண்டு, மொத்தம் அஞ்சு தேங்கும்."

"அந்தத் தண்ணில மொதல்ல நீ குளிடா, நாத்தம் தாங்கல," என்பேன் நான்.

ஒரு நாள் ஸ்டோரில் இடமில்லை. சர்க்யூட் போர்டு வைத்த அட்டை டப்பாக்கள், செருப்பு டப்பா அளவு, நூற்று முப்பத்தாறு. சாயங்காலம் வரை வெளியே இருக்கட்டும் என்று எங்கள் இருவரையும் அடுக்கச் சொன்னார்கள். அவனைச் சீண்டுவதற்காக அவன் கட்டத்தையே அடுக்கினேன்: ஓர் இடத்தில் ஒரே டப்பா, மூலையில் பதினாறு. அவன் வரிசை வரிசையாக எண்ணி, விழுந்து விழுந்து சிரித்து, சரக்கு எண்ணிக்கை டேக்கில் கையெழுத்துப் போட்டான். மேலே பழைய தார்ப்பாயைக் கட்டினோம். அடுத்த வாரம் அவனை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு.

மதியம் மழை கொட்டியது. லைனில் நின்றபோதுதான் அந்த ஐந்து டப்பா தண்ணீர் நினைவுக்கு வந்தது. தார்ப்பாய் கிழிந்தால் போர்டுகள் போகும், கையெழுத்து அவனுடையது. ஸ்குரூ டிரைவரை வைத்துவிட்டு சூப்பர்வைசரிடம் போனேன்.

"அண்ணே, பாத்ரூம்."

"இப்பதானடா போய்ட்டு வந்த? லைன் இன்னா உன் மாமியா வூடா?" என்றார் சூப்பர்வைசர்.

"வவுறு சரியில்லண்ணே." வாழ்க்கையில் ஒருமுறை உண்மை சொன்னேன்.

ஓடினேன். தார்ப்பாயின் நடுவில் குளம். அதன் ஒட்டுப்போட்ட இடம் விரிந்துகொண்டிருந்தது. தொட்டாலே பிய்ந்துவிடும் போலிருந்தது. மூச்சை அடக்கி, ஓரக் கயிற்றைத் தளர்த்தி, ஒன்பது டப்பா அடுக்கின் மேலிருந்து ஒன்று உருவினேன். இரண்டு. மூன்றாவதில் குளம் முழுக்க என் காலில் கொட்டியது. உள்ளே கைவிட்டுத் தடவினேன். காய்ந்துதான் இருந்தது.

அவன் நனைந்தபடி ஓடிவந்தான். மூன்று டப்பாவைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு, "என்னாலதான்டா உன் வேலையே போயிருக்கும்," என்றேன்.

அவன் தார்ப்பாயைத் தூக்கி, விரல் விட்டு எண்ணினான்.

"ஏல, அந்த வரிசையில இப்பம் முப்பத்தொண்ணுதாம்ல இருக்கு."