இரண்டாவது பொட்டலம்

மஸ்கட்டிலிருந்து என் கணவருக்கு அந்த வேலை வந்தபோது எங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கடன் இல்லை. நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கிய கடனின் கடைசித் தவணை முந்தைய மாதம்தான் முடிந்திருந்தது. அது முடிந்த அன்றைக்குப் பால் பாயசம் வைத்தேன். தலைநகரில், ஆர்.கே.புரத்தில் என் பேரில் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸ், என் குமாஸ்தா சம்பளம், ஓக்லாவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் அவருடைய சம்பளம். கடனில்லாக் கஞ்சி கால் வயிறு போதும் என்பார்கள். நாங்கள் முழு வயிறே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"மூணு மடங்கு சம்பளம். மெட்ராஸ்ல சொந்தமா ஒரு ஃப்ளாட் வாங்கிடலாம்" என்றார் என் கணவர்.

"இப்ப என்ன நடுத்தெருவுலயா நிக்கிறோம்?"

"இது உன் ஆபீஸ் குடுத்த வீடு. வாசல்ல உன் பேரு. பால்காரன்கூட என்னை மேடம் வீட்டுக்காரர்னுதான் சொல்றான்."

"பால்காரன் வாயை அடைக்க மஸ்கட் வரைக்கும் போகணுமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிற வேலையும் அல்ல அது. தினமும் இதே சண்டை. சாம்பாரில் உப்பு குறைந்தால்கூடப் பேச்சு மஸ்கட்டில் போய் நின்றது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "பூக்கட்டிப் பாப்போம். முருகன் சொல்றபடி கேப்போம்."

முடிவெடுக்க முடியாத காரியத்துக்கு எங்கள் இரண்டு வீட்டிலும் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் இருப்பது என்று பேசிக்கொண்டோம். நான் நிம்மதியாகத் தூங்கினேன். முருகன் என் பக்கம் என்று எனக்கு ஒரு திமிர்.

மறுநாள் காலை அவரே பூ வாங்கி வந்து, கூடத்தில் உட்கார்ந்து, தாளில் மடித்து நூல் சுற்றினார். முழம் பூ வாங்கி வரச் சொன்னாலே மறந்துவிடுகிற மனுஷர். "என்ன இது அதிசயம்!" என்று கேலி செய்துவிட்டு, நான் புடவை மாற்றப் போனேன். மகள் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது மூன்றாம் வகுப்பு.

மலை மந்திர் முருகன் கோயிலில் அர்ச்சகர் இரண்டு பொட்டலத்தையும் சுவாமி பாதத்தில் வைத்து, தட்டில் போட்டுக் கொடுத்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

"பாத்தியா, அவரே சொல்லிட்டார்" என்றார் என் கணவர். மற்றதை எடுத்துப் பிரசாதக் கூடைக்குள் போடப் போனார். சுவாமி பாதத்தில் இருந்த பூவாயிற்றே என்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, படத்துக்கு வைக்கலாம் என்று பிரித்தேன். அதிலும் வெள்ளைதான்.

அழுகைகூட வரவில்லை. போவதற்கு நான் விடமாட்டேன் என்று பயந்திருந்தால் என்னிடமே பொய் சொல்லியிருக்கலாம். முருகனை ஏன் கூட்டுச் சேர்க்க வேண்டும்? கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சாமியையே ஏமாற்றும் அளவுக்குப் போகத் துடிக்கிறவரைப் பிடித்து வைத்து என்ன செய்ய? பூவைப் படத்துக்கு வைத்துவிட்டு அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டேன்.

இப்போது மெட்ராஸில் ஃப்ளாட் இருக்கிறது. அதற்கு வங்கிக் கடனும் இருக்கிறது. அது அடையும்வரை திரும்ப முடியாது என்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து போகிறார்.

போன வாரம் அவரோடு வீடியோவில் பேசி முடித்ததும் மகள் என் மடியில் படுத்தாள்.

"அம்மா, அன்னிக்கு நான் இன்னொண்ணை எடுத்திருந்தா அப்பா இங்கயே இருந்திருப்பார்ல? சாரிம்மா."

இத்தனை வருஷமும் இதைச் சுமந்துகொண்டா பள்ளிக்கூடம் போய் வந்தது இந்தக் குழந்தை?

"எதை எடுத்திருந்தாலும் போயிருப்பார்டா கண்ணு. ரெண்டுலயும் வெள்ளைதான் இருந்துச்சு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பாதானே கட்டினார்?"

நான் அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டேன். பள்ளிக்கூடத்து இந்தியில் "அச்சா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மாலை அவர் கூப்பிட்டார். ஹோம்வொர்க் இருக்கிறது என்று அவள் போனுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

"என்னாச்சு அவளுக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, ஹோம்வொர்க்" என்றேன்.