ஊசிக்கு உத்தரவு

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிறது. இந்த மழைக்குச் செம்மறி தாங்காது. லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், எல்லோரிடமும் இருப்பது வெள்ளாடுதான். என்னிடம் அப்போது மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெட்டை, அதுவும் சினை. முந்தின மழைக்காலத்தில் கோமாரி வந்து, அதன் குட்டிகள் வாயெல்லாம் புண்ணாகிப் பால் குடிக்க முடியாமல் செத்துப்போயின. இதுவும் போனால் எனக்கு ஆடு என்று ஒன்றில்லை.

அதனால்தான், மிருக வைத்தியர் கந்தோரிலிருந்து ஊசி போடும் ஐயா வேறு வேலையாக வந்தபோது வாய்திறந்து கோமாரி ஊசி கேட்டேன். அவர் சிங்களவர், என் சிங்களத்தைவிட அவருடைய தமிழ் நல்லது.

“ஊசி சும்மாதான், காசில்ல அக்கா. ஆனா போத்தல் திறந்தா அன்னைக்கே முடிக்கணும். ஒரு ஆட்டுக்குத் திறக்க ஏலாது. லயத்து ஆடெல்லாம் சேத்து வைங்க, திங்கக்கிழமை வாறேன்.”

நான் பால் வெட்டுக்காரி. ரப்பர் மரத்தோடு நின்றே பழகியவள். வீடு வீடாகப் போய்ப் பேசுவது எனக்கு மலையேறுவதைவிடக் கஷ்டம். ஆனாலும் போனேன்.

“ஊசி போட்டா பால் வத்திருமே?”

“ரெண்டு நாளைக்குக் கொறையுமாம். அப்புறம் சரியாயிருமாம்.”

“இந்த வருசம் வராத நோவுக்கு எதுக்குடி ரெண்டு நாள் பால விடணும்?”

அவர்கள் கேட்டதில் தப்பில்லை. பிள்ளைகளின் தேத்தண்ணிக்கு அந்தப் பால்தான். கடைசியில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: கடைசிக் காம்பிரா அக்கா சரியென்றால் நாங்களும் சரி. லயத்தின் கடைசி அறையிலிருந்த அவரிடம்தான் ஆடு அதிகம்.

அக்கா என்னை இஸ்தோப்புத் திண்ணையில் உட்காரவைத்து யோசித்தார்.

“மத்ததுக்குப் போடலாம். அந்தக் கிடாய் ஆத்தாளுக்கு நேந்து விட்டது. ஊசி குத்தின ஒடம்ப எப்புடிக் குடுக்கிறது? அத மட்டும் விட்டுட்டா, அது நோவுல விழுந்துரும். அதுக்கும் ஆத்தா என்னையத்தான் கேப்பா.”

அக்காவே முடிவு செய்தார்.

“அவகிட்டயே கேட்டுருவோம்.”

கிடாயை வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமியின் உத்தரவு. ஊசிக்கு உத்தரவு கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

திங்கட்கிழமை விடியும்போதே மழை. ரப்பர் பால் வெட்டு இல்லாததால் எல்லோரும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு கூடிவிட்டார்கள். ஐயா மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் திறக்காமல் நின்றார். அக்கா தண்ணீர் தெளித்தார். கிடாய் பலா இலையை மென்றுகொண்டிருந்தது. மறுபடியும் தெளித்தார். மென்றுகொண்டேதான் இருந்தது.

“மதினி, அது ரோசன பண்ணுது,” என்றார் பக்கத்துக் காம்பிரா அண்ணன். “கமிட்டியக் கூட்டிக் கேட்டுத்தான் சொல்லுமாம்.”

“ஒங்கள மாதிரியா கொழுந்தனாரே, கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுறதுக்கு?” என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெட்டையின் கயிறு கையில் நனைந்திருந்தது. சிரிப்புச் சத்தத்தில் மிரண்ட கிடாய் பின்னால் நகர்ந்து கூரைக்கு அடியில் போக, தகர ஓரத்தில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அதன் கழுத்தில் கொட்டியது. தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. ஐயாவின் முகமெல்லாம் தண்ணீர்.

“உத்தரவு குடுத்துட்டா!” என்று அக்கா கும்பிட்டார்.

“எனக்கும் சேத்துத்தான்,” என்று முகத்தைத் துடைத்தபடி ஐயா போத்தலைத் திறந்தார்.

என் பெட்டையைச் சினையென்று மெதுவாகப் பிடித்து, கடைசியாகப் போட்டார். இரண்டு நாள் அது சரியாக மேயவில்லை. நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வருடம் எங்கள் லயத்துக்குக் கோமாரி வரவில்லை. ஊசியால் வரவில்லையா, இல்லை சும்மாவே வராமல் போனதா, எனக்குத் தெரியாது. வராத ஒன்றை எப்படிக் காட்டுவது? இரண்டு நாள் பால் போனது மட்டும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளின் பாலை விட்டுக்கொடுத்ததால்தான் என் ஒரு ஆட்டுக்குப் போத்தல் திறந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் அவர்களைக் கும்பிடத் தோன்றும், கூச்சத்தில் சொன்னதில்லை.

பெட்டை இரண்டு குட்டி ஈன்றது. முதல் சீம்பாலைக் காய்ச்சி, சீனி போட்டு, காம்பிரா காம்பிராவாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு யார் வாசலிலும் எனக்குக் கால் தயங்கவில்லை.