குப்புறப் படுக்க வைத்து எடுத்த அளவு

தையல்காரியிடம் அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள். என் வீட்டுக்காரர் பார்த்ததோ, மூச்சைப் பிடிக்கவே கூடாத தொழில். ஆனாலும் டேப்பைக் கையில் எடுத்தால் போதும், அவரும் பிடித்துவிடுவார். "விடுங்க, எனக்குத் தெரியாத வயிறா?" என்று அதட்டித்தான் அளவெடுப்பேன்.

கப்பற்படையில் முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டி முக்குளிக்கிற வேலை பார்த்தவர் அவர். அதில் மூச்சை விடாமல் பிடித்தால் நுரையீரலுக்கே ஆபத்து. வெளியே வந்த பிறகும் ஒரு கான்ட்ராக்டரிடம் அதே வேலை. துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைப் பார்ப்பது, தண்ணீருக்கடியில் போல்ட் முடுக்குவது, இந்த மாதிரி. நான் ஆவடியில் யூனிஃபார்ம் தைக்கிற தொழிற்சாலையில் இருந்தேன். குவார்ட்டர்ஸ் வாசம். காலையில் அவர் கடலுக்குப் போவார், நான் மெஷினுக்குப் போவேன். சாயங்காலம் யார் அதிகம் களைத்திருக்கிறோம் என்று சண்டை போடுவோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மழை நாளில், பாடி சந்திப்பில் அவருடைய ஸ்கூட்டர் வழுக்கியது. இடது தோள்பட்டை எலும்பு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு அந்தக் கை தோளுக்கு மேலே போக மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது. வேறு எந்தக் கஷ்டமும் இல்லை. ஆனால் முதுகில் சிலிண்டர் மாட்டுவது இனி ஆகாது, அதன் பாரம் அந்த எலும்பில் விழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் அழுதேன்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? என் அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். உலர்ந்த சட்டையோடு போய் உலர்ந்த சட்டையோடு வருகிற வேலை. தண்ணீருக்குள் போனவர் இன்னும் வரவில்லையே என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கான்ட்ராக்டரும் நல்லவர்தான். அடுத்த வாரம் வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள், யாரும் கை கொடுக்காமல் தானே சிலிண்டரை மாட்டி, தானே இறங்கி, தானே கழற்றிக்கொண்டு ஏறி வந்து காட்டினால் பழைய வேலை. முடியாவிட்டால் வேறு ஆள்.

"முதுகுல வேணாம். விலாவுல மாட்டிக்கப் போறேன்" என்றார் இவர், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"என்னாது, விலாவுலயா? கைப்பை மாதிரியா?"

"ஆமா, அக்குள்ல இடுக்கிக்கிட்டுப் போற கைப்பை மாதிரி. வெளிநாட்டுல குகைக்குள்ள போறவங்க அப்படித்தான் மாட்டுறாங்க, நான் படத்துல பாத்திருக்கேன். சிலிண்டரைக் கயித்துல கட்டித் தண்ணிக்குள்ள இறக்கிட்டா, தண்ணியிலயே மாட்டிக்கலாம். தோளுக்கு ஒரு வேலையும் இல்ல. பட்டி மட்டும் நீ தச்சுத் தரணும்."

"எங்கண்ணன் கால்ல செருப்பில்லாம அலைஞ்சு ஒரு வேலை புடிச்சு வெச்சிருக்கான், இவருக்குக் கைப்பை கேக்குது!"

"தச்சுத் தருவியா, மாட்டியா?"

மோசமாகத் தைத்துக் கொடுத்திருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் கோணல் தையல் போட என் கைக்கு வராது. பாடியில் லாரிச் சாமான் கடையில் பட்டி வாங்கினோம். வீட்டு மெஷினில் ஊசி ஒடிந்தது. ஆட்டோ சீட் தைக்கிற ஒரு கடைக்காரரிடம் கெஞ்சி, அவருடைய பெரிய மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். இடுப்புக்கு ஒரு பட்டி, முதுகில் ஒரு பட்டி. சிலிண்டரின் அடிப்பக்கத்தை மாட்ட வலது இடுப்பில் ஒரு வளையம். மேல்பக்கத்தை அக்குளோடு இழுத்துப் பிடிக்கச் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர். ஒரு பக்கமாகச் சாயாமலிருக்க இடது இடுப்பில் ஈயக் கட்டிகள். எல்லாமே வலது கையால் ஒரே இழுப்பில் கழல வேண்டும், அதில் மட்டும் நான் கறாராக இருந்தேன். பீரோக் கண்ணாடி முன்னால் மாட்டிப் பார்த்தார். திரும்பிப் பார்த்தார். மறுபடி திரும்பிப் பார்த்தார். "கல்யாணச் சட்டைகூட இப்படிப் பொருந்தல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, கான்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கிய சிலிண்டரோடு அயனம்பாக்கத்துக்கு ஒரு ஆட்டோவில் போனோம். அங்கே கீரை பயிரிடுகிறவர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அவருடைய கிணறு பெரியது, படி வைத்தது, தண்ணீரும் தெளிவு. "கெணறு உன்துதான் அண்ணாத்தே, இன்னா வேணா பண்ணிக்க. மோட்டார் பைப்ப மட்டும் ஒதைச்சிராத" என்றார்.

சிலிண்டரைக் கீரைக்காரர் கயிற்றில் கட்டி இறக்கினார். என் வீட்டுக்காரர் படியில் நின்று, இடுப்பளவு தண்ணீரில் வளையத்தில் கொக்கியை மாட்டினார், ரப்பரை இழுத்து விட்டார். அவர் மணிக்கட்டில் கட்டிய நைலான் கயிற்றின் மறுமுனை என் கையில். நான் ஒரு இழுப்பு இழுத்தால் 'நல்லா இருக்கீங்களா' என்று அர்த்தம். அவர் ஒரு இழுப்பு இழுத்தால் 'நல்லா இருக்கேன்'. சரசரவென்று பல இழுப்பு வந்தால் மேலே தூக்க வேண்டும். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். முழுகினார்.

அதோடு வந்தது வினை. சிலிண்டரோடு ஒரு ஆள் கிணற்றில் இறங்கினால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். பத்து நிமிஷத்துக்குள் கிணற்றைச் சுற்றி ஒரு கூட்டம்.

"யாருமா உயுந்தது? எந்த ஊட்டுப் புள்ள?"

"யாரும் விழல. உள்ள இருக்கறது என் வீட்டுக்காரர்தான்" என்றேன், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்னதும்தான் உறைத்தது, சொல்லியிருக்கக் கூடாது. "அய்யய்யோ!" என்று ஒரு அம்மாள் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "வயசுப் பொண்ண இப்படி உட்டுட்டுப் பூட்டானே!" இன்னொருவர் என் தலையைத் தடவினார். யாரோ சோடா வாங்கி வர ஓடினார்கள். நானோ இரண்டு கையிலும் கயிறு; உதறவும் முடியவில்லை. "யம்மா, அவரு உசுரோடதான் இருக்காரு, என்னை விடுங்க!" என்று கத்தினேன். "ஆமா கண்ணு, ஆமா. மன்ச தேத்திக்க" என்றார் அந்த அம்மாள். கீரைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்தக் களேபரத்திலும் நான் கீழே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரியில்லை. நின்றபோது விலாவோடு ஒட்டியிருந்த சிலிண்டர், அவர் தண்ணீரில் கிடைமட்டமாகப் படுத்ததும் வயிற்றுக்குக் கீழே இறங்கித் தொங்கியது. அதன் தலை நெஞ்சுக்கு முன்னால் வந்து முட்டியது. அவர் வலப்பக்கமாக உருண்டார், காலை உதைத்து நிமிர்ந்தார், மறுபடி உருண்டார். கையால் சிலிண்டரைத் தள்ளிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் போராடிவிட்டு மேலே வந்தார்.

தலை வெளியே தெரிந்ததும் கூட்டம் "ஓ" என்று அலறியது. ஒரு கிழவர் நாலடி பின்னால் போனார். என் வீட்டுக்காரர் முக்குளிக்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "என்ன, யாராவது விழுந்துட்டாங்களா?" என்று கேட்டார். கொல்லென்று ஒரு சிரிப்பு எழுந்தது. என்னைக் கட்டிப் பிடித்திருந்த அம்மாள் மட்டும், "கல்லாட்டம் கீறாரு! இதுக்காடி அழுத?" என்று என்னைத் திட்டினார். அழுதது அந்த அம்மாள்தான்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சிலிண்டரைக் கழற்றிக் கயிற்றில் கட்டிவிட்டு, படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார். எனக்கு மனசுக்குள் ஜில்லென்று இருந்தது. ஸ்டோர் வேலை, உலர்ந்த சட்டை, எல்லாம் என் பக்கம் வந்துவிட்டன. இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ சொன்னதுதான் சரி" என்றார். "அண்ணன்கிட்ட சொல்லிடு. நாளைக்கே ஸ்டோருக்குப் போறேன்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் ஒரு தடவைகூட என் பேச்சைச் சண்டை போடாமல் ஒத்துக்கொண்டதில்லை. உப்பு அதிகம் என்றால்கூட இல்லை என்று வாதாடுகிறவர். இப்போது தலையைக்கூடத் தூக்காமல், அடங்கிய குரலில், சரி என்கிறார். நான் கேட்டது கிடைத்துவிட்டது, எனக்கு அது வேண்டாமாகிவிட்டது. இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கோபம் கோபமாக வந்தது.

"யாரு உங்களை விடச் சொன்னது?"

"நீதான."

"நான் ஆயிரம் சொல்லுவேன். எழுந்திரிங்க. அந்தப் பம்ப்செட் தொட்டிச் சுவர் மேல குப்புறப் படுங்க."

"என்னத்துக்கு?"

"படுங்கன்னா படுங்க!"

நிற்கிற மனுஷருக்கு அளவெடுத்தே பழகிய கை எனக்கு. நிற்கிற கோலத்தைக் கண்ணாடியில் பார்த்தே திருப்திப்பட்டவர் அவர். தண்ணீருக்குள் யார் நிற்கிறார்கள்? அவர் அங்கே வேலை செய்வது குப்புறக் கிடந்துதானே. இது இரண்டு பேருக்குமே உதிக்கவில்லை.

பம்ப்செட் தொட்டியின் குறுகிய சுவரில் அவர் குப்புறப் படுத்தார். கீரைக்காரர் சிலிண்டரைத் தூக்கி அவர் விலாவோடு பிடித்துக்கொண்டார். நான் முட்டி போட்டு, இடுப்பில் சாக்கட்டியால் கோடு போட்டேன். "யக்கா, அப்படியே எண்ணெயும் தேச்சி உட்டுரு" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி சொன்னாள். "உன் வீட்டுக்காரரையும் கூட்டியா, சேத்துத் தேய்க்கிறேன்" என்றேன். வளையம் இடுப்பின் பக்கவாட்டில் இருக்கக் கூடாது, ஒரு சாண் பின்னுக்குப் போக வேண்டும். ரப்பர் நாலு விரல் குறைய வேண்டும். அவர் மூச்சைப் பிடித்திருந்தார். முதுகில் ஒன்று வைத்தேன், விட்டார்.

தையலைப் பிரித்தேன். கோணி ஊசியில் நூலை நாலாக மடித்துக் கோத்து, அங்கேயே உட்கார்ந்து வளையத்தைப் புது இடத்தில் தைத்தேன். விரலில் இரண்டு இடத்தில் ஊசி குத்தியது. சோடா வாங்கப் போனவர் வந்து சேர்ந்தார். அதை என் வீட்டுக்காரர் குடித்தார். கூட்டத்தில் ஒருவரும் கலையவில்லை. சாவு இல்லை என்று தெரிந்த பிறகு இன்னும் கொஞ்சம் பேர்தான் வந்திருந்தார்கள்.

இரண்டாம் தடவை அவர் கண் சிமிட்டவில்லை. நேராக முழுகினார். நான் விளிம்பில் குனிந்து பார்த்தேன். குமிழிகள் வந்தன. அவற்றுக்குக் கீழே அவர் கிடைமட்டமாக இருந்தார். உருளவில்லை, உதைக்கவில்லை. சிலிண்டர் விலாவோடு விலாவாகக் கிடந்தது. மெல்ல ஒரு சுற்று சுற்றினார். வலது கையால் அடிக் கொக்கியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். பிறகு கைகள் இரண்டையும் முன்னால் சேர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் அசையாமல் மிதந்தார். இடது கை முடம் என்று பார்க்கிறவர் யாரும் சொல்ல முடியாது. விபத்துக்குப் பிறகு அவர் உடம்பு அத்தனை நிம்மதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை, தூக்கத்தில்கூட. கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தேன். உடனே ஒரு இழுப்பு வந்தது. சும்மா இன்னொன்று இழுத்தேன். அதற்கும் வந்தது. அப்போதுதான் நான் நிஜமாக அழுதேன். அந்த அம்மாள் இந்தத் தடவை என்னைத் தொடவில்லை.

அவர் மேலே வந்தார். படிக்குப் பக்கத்தில் சிலிண்டரைத் தானே கழற்றித் தானே கயிற்றில் கட்டினார். கீரைக்காரர் நீட்டிய கையை வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஏறி வந்து என் முன்னால் நின்றார். கூட்டம் கை தட்டியது. நாளைக்கு நான் அண்ணனிடம் போய் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் ஒரு மாதம் என்னோடு பேச மாட்டான் என்று மட்டும் தெரிந்தது.

"ஸ்டோருக்குப் போகணுமா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துப் பயந்து பயந்து கேட்டார்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிற சாயங்காலங்கள் எல்லாம் எனக்குக் கண்ணில் தெரிந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கயிற்றின் நுனியை என் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டேன்.

"சிலிண்டர்ல காத்து மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன நிக்கிறீங்க? போய் இன்னொரு தடவை இறங்குங்க."