வலமாகப் போனால் வாசல் இல்லை

தை மாதம், செவ்வாய்க்கிழமை. மறுநாள் எங்கள் மகளுக்கு இதய அறுவை சிகிச்சை. திருத்தணி மலையில் அர்ச்சனை முடித்து நானும் மனைவி சரோஜாவும் இறங்கியபோது காலை பத்து மணி. ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. கே.ஜி.கண்டிகை அருகே பழைய வெல்லக் கிடங்கில் ஓர் ஓவியர் ஏதோ அறை கட்டியிருப்பதாகவும், உள்ளே போனால் திசை மறந்துவிடும் என்றும் ஆட்டோ ஓட்டுநர் அன்வர் சொன்னார். போக வர முந்நூறு ரூபாய்.

"எங்க மாமியார இட்டுகினு வரலாம்னு பார்த்தேங்க. 'உள்ள உட்டுட்டு வண்டிய எடுத்துடுவே'ன்னு வர மாட்டேன்னுடுச்சி."

சரோஜா அன்று அப்போதுதான் சிரித்தாள்.

கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் ஓவியர், முதலில் என்னையும் பிறகு சரோஜாவையும் அனுப்பினார். உள்ளே வட்டமான பாதை. இருபுறமும் தரையோடு இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. நடுவே, துணிக்குப் பின்னால், மங்கலாக ஒரு விளக்கு. தரை சாய்ந்திருந்ததால் நின்றாலும் நடப்பதுபோலிருந்தது. என் காலடி ஓசை எனக்கு முன்னால் கேட்டது. துணியைத் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் கை உள்ளே புகுந்தது. வெளியே வெயில்.

அன்வர் டீ குடித்து முடித்தும் சரோஜா வரவில்லை.

துணிகளை ஓலைக்கீற்றுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருப்பதாக ஓவியர் விளக்கினார். இடமாகச் சுற்றினால் இடைவெளி கையில் தட்டுப்படும். வலமாகச் சுற்றினால் நுழைந்த வாசல்கூட மூடிக்கொள்ளும். இதையே நகரத்தில் கட்டியபோது யாரும் சிக்கவில்லையாம். இங்கே, மலையிறங்கி வருபவர்கள் நடுவில் விளக்கைக் கண்டதும் வலம்வரத் தொடங்கிவிடுகிறார்கள். எல்லா விளக்குகளையும் போட்டார். நிழலே இல்லாத வெள்ளையில் முன்பு தெரிந்ததுகூடத் தெரியவில்லை என்றது சரோஜாவின் குரல், ஒருமுறை வெகுதூரத்திலிருந்து, உடனே என் தோளருகிலிருந்து.

"திரும்பி இடப்பக்கமா வா," என்றேன்.

"புள்ளைக்கு நாளைக்கு ஆபரேஷன். இன்னிக்குப் போய் விளக்க இடமா சுத்தச் சொல்றீங்களே. அது சாவுக்குச் சுத்துறது."

துணியைக் கிழித்துவிட ஓவியர் கத்தரிக்கோலை எடுத்தார். அதற்குள் துணி விம்மியது. முதலில் ஒரு குதிகால், பிறகு பின்னல், முதுகு. விளக்கிருந்த பக்கத்தை வலக்கையிலேயே வைத்துக்கொண்டு, பின்னோக்கி நடந்து வந்திருந்தாள். அன்வர் விலகி வழிவிட்டார்.

ரயில் கிளம்பிய பிறகுதான் கேட்டாள்: "நீங்க எந்தப் பக்கமா வந்தீங்க?"

இடமாக என்றேன்.

துணியைத் தடவிய என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்து எதிர் சீட்டுல உட்காருங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் முன்பக்கம் திரும்பக் கூடாது."

மலை எனக்கு எதிரே சிறுத்துக்கொண்டே போனது. அரக்கோணமும் திருவள்ளூரும் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து விலகின. பெரம்பூரில் அவள் முதலில் இறங்கி, என் இடுப்பைப் பிடித்துப் பின்வாக்கில் இறக்கினாள். நடைமேடையில் எல்லோரும் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை.