பதினைந்து கிராம்

கடைத்தெருவில் அவளுக்கு ‘விலைக்காரம்மா’ என்று பெயர். மாதத்தில் ஆறு நாள், விலைவாசிக் கணக்கு எடுக்கும் அலுவலகத்துக்காகப் பன்னிரண்டு கடைகளில் ஏறி இறங்குவாள். விலையை மட்டும் எழுதினால் போதாது. உறையின் ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சிட்டிருக்கும் எடையையும் படிக்க வேண்டும். விலை அப்படியே இருந்து எடை குறைந்திருந்தால் அதுவும் விலையேற்றம்தான். அவள் கண்ணாடியை மாட்டினாலே சோப்புக்கு வயிறு கலங்குகிறது என்பார் மளிகைக்காரர்.

புருஷன் லேத் ஓட்டுகிறவர். பட்டறை மூடியதிலிருந்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தார். வேறொரு பட்டறை முதலாளி, கடனில் புது மெஷின் போடப்போவதாகவும், வட்டி ஏறாமல் இருந்தால் அவரையே கூப்பிடுவதாகவும் சொல்லியிருந்தார். விலைவாசி ஏறினால் வட்டியை ஏற்றுவார்கள். வட்டி ஏறினால் மெஷின் வராது. அந்த விலைவாசி தன் வீட்டுக்காரியின் பையிலிருந்துதான் போகிறது என்று முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த மாதம் நூறு கிராம் சோப்பு, விலை மாறாமல், எண்பத்தைந்து கிராமாகியிருந்தது. சாப்பிடும்போது வாய்தவறி அவரிடம் சொல்லிவிட்டாள்.

“அந்தப் பொடி எழுத்தைப் பாக்காம விட்டுடேன்,” என்றார். “கண்ணாடி கொண்டுபோகலன்னு சொல்லிக்கலாம்.”

“பாத்தாச்சேங்க.”

“பதினஞ்சு கிராம். யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் கை காயும்வரை தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் உள்ளபடியே எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு, எல்லாத் தெருவிலும் சோப்பு இளைத்துத்தான் போயிருக்கிறது என்றார்.

அடுத்த மாதம் வட்டி ஏறியது. மெஷினைப் பற்றிக் கேட்கப் பட்டறைக்குக் கிளம்பிய புருஷன் தெருமுனையிலேயே திரும்பிவிட்டார். அவளே போனாள். முதலாளி நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

“மெஷின் ஆறு மாசம் கழிச்சு வந்தாலும் வரும்மா. ஆனா அவரைக் கூப்பிட மாட்டேன். ரெண்டு வருஷம் சும்மா இருந்த கை. இப்ப வேலையில இருக்கற ஆளாப் பாத்துத்தான் எடுப்பேன். வட்டி ஏறாட்டியும் இதையேதான் செஞ்சிருப்பேன்.”

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். “என்ன சொன்னாரு?”

“வட்டிதான் காரணமாம்.”

“அப்ப உன் சோப்புதான்.”

“ஆமா,” என்றாள்.

அவருக்குக் கொஞ்சம் முகம் தெளிந்தது. “அடுத்த தடவை வட்டி இறங்கிடும், பாரு,” என்றார்.

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள்.